நாவின் முடிச்சு: பால் குடிக்க முடியாத பச்சிளம் குழந்தைக்கு என்ன செய்வது?

(திருப்பூரில் பனியன் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

மூஸா நபி (அலை) அவர்கள் ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்டபோது தம் நாவில் உள்ள முடிச்சை அவிழ்த்துவிடும்படி இறைவனிடம் வேண்டினார்கள். மதரஸாவுக்குப் போன பிள்ளைகள் அனைவருக்கும் அந்த துஆ மனப்பாடம். அது பேச்சுக்காகக் கேட்கப்பட்ட துஆ. நான் இன்று சொல்லப் போவது பேச்சு வருவதற்கு முன்னால் உள்ள முடிச்சைப் பற்றி. பிறந்து மூன்று நாளான குழந்தை தாயின் மார்பைப் பிடிக்க முடியாமல் வீறிட்டு அழுகிறதே, அதன் நாக்குக்கு அடியில் இருக்கக்கூடிய முடிச்சைப் பற்றி.

நான் மருத்துவன் அல்ல. ஆஸ்பத்திரியில் சீட்டு எடுத்துக் கொடுப்பது, இ.எஸ்.ஐ. படிவம் எழுதிக் கொடுப்பது, ரத்தம் தேவைப்பட்டால் ஆள் அனுப்புவது, இவைதான் என் வேலை. மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையே உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் குழந்தைக்கு எது தேவை என்பதை அந்தக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவரிடம் என்ன கேட்பது, எப்போது போவது, யாரிடம் போகக் கூடாது என்பதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும் அல்லவா?

நம் எல்லோருக்கும் நாக்கின் அடியில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. கண்ணாடி முன் நின்று நாக்கைத் தூக்கிப் பாருங்கள், தெரியும். சில குழந்தைகளுக்கு அது குட்டையாக, இறுக்கமாக, சில நேரம் நாக்கின் நுனி வரைக்கும் ஒட்டியிருக்கும். அழும்போது நாக்கு மேலே எழும்பாது. நீட்டினால் நுனி நடுவில் பள்ளம் விழுந்து தெரியும். இதைத்தான் நாக்கு ஒட்டியிருக்கிறது என்கிறோம். டாக்டர்கள் 'டங் டை' என்பார்கள். எந்த அளவை வைத்துக் கணக்கெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, 100 குழந்தைகளில் 4 முதல் 10 பேருக்கு இது இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆண் குழந்தைகளிடம் சற்று அதிகம். சில குடும்பங்களில் தலைமுறையாக வரும். கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததால் இப்படி ஆனது என்பதெல்லாம் வெறும் கதை. அந்தப் பழியை எந்தத் தாயின் தலையிலும் போடாதீர்கள்.

ஒரே குறை, இரண்டு குழந்தைகள்

நான் உடன் சென்ற குடும்பங்களில் இரண்டைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

முதல் குடும்பம் தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. கணவர் பவர்டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர். மனைவி பிரசவத்துக்கு முன்பு வரை செக்கிங் வேலை பார்த்தவர். வீட்டில் சொல்லித் தரப் பெரியவர்கள் யாரும் இல்லை. ஆறாம் நாள் குழந்தை ஓயாமல் அழுகிறது; தாய்க்குக் காம்பில் வெடிப்பு, உயிர் போகிற வலி. அருகிலிருந்த ஒரு தனியார் கிளினிக்கில் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தார்கள். பால் குடிப்பதைப் பார்க்கவில்லை. நாக்கு ஒட்டியிருக்கிறது, லேசரில் எடுக்க வேண்டும் என்று சொல்லி 15,000 ரூபாய் கேட்டார்கள். அந்தச் சகோதரர் வட்டிக்குப் பணம் புரட்டக் கிளம்பிவிட்டார். விஷயம் தெரிந்து, முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கே ஒரு செவிலியர் அரை மணி நேரம் அந்தத் தாயின் அருகிலேயே உட்கார்ந்து குழந்தை குடிப்பதைப் பார்த்தார். குழந்தை காம்பை மட்டும் சப்பிக்கொண்டிருந்தது. கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையப் பிடிக்கும்படி திருப்பிப் படுக்க வைத்துக் காட்டினார். மூன்று நாள் பழகியதும் வலி நின்றது, எடையும் ஏறியது. கத்தரியே எடுக்கவில்லை. அந்தக் குழந்தையின் நாக்கு இன்றும் அப்படியேதான் ஒட்டியிருக்கிறது. வாய் ஓயாமல் பேசுகிறது!

இரண்டாவது தாய் புதியவர் அல்ல. மூத்த பிள்ளைக்கு ஒன்றரை வருடம் பால் கொடுத்தவர். எப்படிப் பிடிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தும் இந்தக் குழந்தை ஒரு மணி நேரம் மார்பில் கிடந்தாலும் வயிறு நிறையாமல் அழுதது. போகப் போகச் சரியாகிவிடும் என்று வீட்டார் சொன்னார்கள். ஒருவர் சர்க்கரைத் தண்ணீரைச் சங்கில் புகட்டினார். பன்னிரண்டாம் நாள் எடை பார்த்தால் பிறந்தபோது இருந்ததைவிட 200 கிராம் குறைவு. குழந்தை மருத்துவர் பரிசோதித்தார். பாலைப் பீய்ச்சி பாலாடையில் கொடுக்கச் சொல்லி இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு சவ்வை வெட்டிவிட்டார். ஒரு நிமிட வேலை. இரண்டு சொட்டு ரத்தம். துடைத்து உடனே தாயின் மார்பில் போட்டார்கள். குழந்தை பால் விழுங்கும் சத்தத்தைக் கேட்டு அந்தத் தாய் அழுதுவிட்டார்.

சிந்தித்துப் பாருங்கள். இரண்டு குழந்தைக்கும் ஒரே பெயருள்ள குறைதான். முதல் குழந்தைக்கு வெட்டியிருந்தால் வீண் செலவு, வீண் வலி, வட்டிக் கடன். இரண்டாவது குழந்தைக்கு வெட்டாமல் இன்னும் பத்து நாள் கடத்தியிருந்தால் உயிருக்கே ஆபத்து. எது எந்தக் குழந்தை என்று வாயைத் திறந்து பார்த்து மட்டும் சொல்ல முடியாது. தாய் பால் கொடுக்கும்போது அருகில் இருந்து பார்த்து, தராசில் எடை போட்ட பிறகுதான் சொல்ல முடியும். இன்றைய என் பேச்சில் ஒன்றே ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போவீர்கள் என்றால் இதைக் கொண்டு போங்கள்.

இது என் சொந்த அபிப்பிராயம் அல்ல. அமெரிக்க மருத்துவமனைகளில் இந்தக் குறை இருப்பதாகக் கண்டறியப்பட்ட குழந்தைகள் 1997இல் 3,934 பேர். 2012இல் 32,837 பேர். பதினைந்து வருடத்தில் குழந்தைகளின் நாக்கு எட்டு மடங்கு ஒட்டிக்கொண்டதா என்ன? பார்ப்பவர்களின் கண்தான் மாறியிருக்கிறது. அதன் பின்னால் லேசர் வியாபாரமும் வளர்ந்திருக்கிறது. அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கமே 2024இல் இதைப் பற்றி எச்சரித்தது. நாக்கு ஒட்டியுள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பால் குடிப்பதில் சிரமம் இருக்கிறது, முதலில் பாலூட்ட உதவி செய்யுங்கள், அதற்குப் பிறகும் சரியாகாவிட்டால் மட்டும் வெட்டலாம் என்று அது சொன்னது. அதற்கு முன் 2017இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, 302 குழந்தைகளிடம் நடந்த ஐந்து சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. வெட்டியதால் தாயின் காம்பு வலி சில காலத்துக்குக் குறைந்தது உண்மை; குழந்தை பால் குடிப்பது எல்லோரிடமும் ஒரே மாதிரி மேம்பட்டது என்று சொல்ல முடியவில்லை.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

பிறந்த முதல் சில நாளில் எல்லாக் குழந்தையும் கொஞ்சம் எடை குறையும். மூன்று கிலோவில் பிறந்த குழந்தை 2 கிலோ 700 கிராமுக்கு நெருங்கினால் தாமதிக்காமல் காட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பி வர வேண்டும். அதன் பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் பிறந்த எடை எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் பின்னால் எடை போட்டும் பயனில்லை.

தராசு இல்லையா? நம் ஊரில் குழந்தைக்குப் பனியன் வேஸ்ட் துணியைத்தானே விரிக்கிறோம், அந்தத் துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீரில் நனைய வேண்டும். மலம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். இரவு பகலாக எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கேட்பது இயல்புதான். அடிக்கடி கேட்கிறதே, பால் போதவில்லை போலும் என்று பயந்து பால் மாவு டின் வாங்கி விடாதீர்கள்.

குழந்தை சோர்ந்து கிடந்தால், எழுப்பியும் குடிக்காவிட்டால், அரை நாளாகத் துணி நனையாவிட்டால், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினால், காய்ச்சல் அடித்தால் அல்லது உடம்பு குளிர்ந்தால், அது நாக்குப் பிரச்சினையா வேறு பிரச்சினையா என்று வீட்டில் ஆராயாதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். ஷிப்ட் முடிந்து வந்து பார்க்கலாம் என்று எந்தத் தகப்பனும் சொல்லக் கூடாது.

சிகிச்சைக்குப் போகும் வரை குழந்தை பட்டினி கிடக்க வேண்டுமா? வேண்டாம். மார்பில் போட்டுப் பாருங்கள். குடிக்காவிட்டால் பாலைக் கையால் பீய்ச்சி, கொதிநீரில் போட்டு எடுத்த பாலாடையில் சிறுகச் சிறுகக் கொடுங்கள். புட்டியும் ரப்பரும் வேண்டாம். நம் பாட்டிமார் பரணில் போட்டு வைத்திருக்கும் அந்தப் பாலாடை இன்று உலக மருத்துவ நூல்களில் அதே தமிழ்ப் பெயரோடு இடம் பெற்றிருக்கிறது. பீய்ச்சிய பால் மூடி வைத்தால் வெளியில் நான்கு மணி நேரம் தாங்கும். சித்திரை வெயிலில் நம் தகரக் கூரை வீடுகளில் அவ்வளவு நேரம்கூட வைக்காமல் இருப்பது நல்லது. குழந்தை மிகவும் வற்றிப் போயிருந்தால் சில நாளுக்கு வேறு பால் தேவை என்று மருத்துவரே சொல்லலாம். அப்போது அதைக் கொடுங்கள். அதற்காகத் தாயைக் குற்றவாளியாக்காதீர்கள்.

சர்க்கரைத் தண்ணீர், தேன், தெருவில் விற்று வரும் கழுதைப் பால், இவற்றை எதற்கு ஊற்றுகிறோம்? தஹ்னீக் சுன்னத் ஆயிற்றே என்று சிலர் கேட்கலாம். பேரீச்சம் பழத்தை மென்று அண்ணத்தில் தடவுவது தஹ்னீக். அதைக் காரணம் காட்டி நாள் முழுக்கத் தேனை நக்க வைப்பது எந்தக் கிதாபில் இருக்கிறது? ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலுள்ள கிருமியால் குழந்தையின் தசைகள் செயலிழக்கும் நோய் வரலாம். முதல் மணி நேரத்திலேயே சீம்பால் கொடுங்கள். தஹ்னீக் செய்வோர் கையையும் வாயையும் சுத்தம் செய்துகொண்டு, சளி காய்ச்சல் இல்லாதபோது, துளியளவு செய்யட்டும். அது பாலுக்குப் பதில் அல்ல.

வெட்டுவது யார்? எப்படி?

வெட்டத்தான் வேண்டும் என்று முடிவானால் பயப்பட ஒன்றும் இல்லை. சில மாதங்களுக்கு உட்பட்ட குழந்தைக்கு மயக்க மருந்துகூடப் பொதுவாகத் தேவைப்படாது. துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நாக்கைத் தூக்கி, கிருமி நீக்கிய கத்தரியால் அந்த மெல்லிய சவ்வை நறுக்குவார்கள். பிறந்ததும் போடும் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காத நோய் உண்டா என்று கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். ஆனால் பிளேடு வைத்திருக்கும் பாட்டியிடமோ, நகத்தால் கிள்ளிவிடும் ஆளிடமோ குழந்தையைக் கொடுத்து விடாதீர்கள். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் மருத்துவச்சிகள் இதற்கென்றே ஒரு விரல் நகத்தை வளர்த்து வைத்திருந்தார்கள். நாக்கின் அடியில் ரத்தக் குழாய்கள் இருக்கின்றன; எச்சில் சுரப்பியின் வாயும் அங்கேதான் இருக்கிறது. விளையாட்டல்ல.

கையெழுத்துப் போடும் முன் கேள்வி கேளுங்கள். 2024 மே மாதம் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் நடந்தது நாடறிந்த செய்தி. கையிலிருந்த ஆறாவது விரலை அகற்ற வந்த நான்கு வயதுச் சிறுமிக்கு நாக்கில் அறுவை சிகிச்சை செய்துவிட்டார்கள். நாக்கு ஒட்டியிருந்ததைக் கவனித்துச் செய்ததாகக் காரணம் சொல்லப்பட்டது. பெற்றோரிடம் யாரும் கேட்கவில்லை! மருத்துவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். என்ன செய்யப் போகிறீர்கள், ஏன் செய்கிறீர்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பது அவமரியாதை அல்ல, அது பெற்றோரின் உரிமை.

பணம் இல்லை என்று வீட்டில் இருக்காதீர்கள்

2011 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய தாய் சேய் நலத் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளம் குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, வாகனம் எல்லாம் இலவசம். முதலில் 30 நாள் வரை இருந்த இந்தச் சலுகை பின்னர் ஒரு வயது வரை நீட்டப்பட்டது. திருப்பூர் தாராபுரம் சாலையில் உள்ள அரசு மருத்துவமனை 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. ஒரு காலத்தில் எதற்கெடுத்தாலும் கோவைக்கு ஓடினோம். இன்று முதல் படியை இங்கேயே ஏறலாம்.

அடுத்து இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவருக்கு இது உண்டு. தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளியின் பங்கு மூன்றே கால் ரூபாய். 15,000 சம்பளம் என்றால் உங்கள் கையிலிருந்து போவது 112 ரூபாய் 50 காசு. அதற்கு உங்களுக்கும், மனைவிக்கும், பிறந்த குழந்தைக்கும் வைத்தியம். அப்படியிருந்தும் நம் சகோதரர்களில் எத்தனை பேர் கையில் இ.எஸ்.ஐ. எண் இருக்கிறது? கைமடி, பேக்கிங், அயர்னிங் என்று கான்ட்ராக்டில் இருப்பவர்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். சனிக்கிழமை கையில் முழுச் சம்பளம் வந்தால் போதும், பிடித்தம் வேண்டாம் என்று நம்மவர்களே சொல்வதும் நடக்கிறது. பத்துப் பேருக்கு மேல் வேலை பார்க்கும் கம்பெனியில் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஊரின் முதல் பனியன் கம்பெனியை 1925இல் தொடங்கியவர் குலாம் காதர் என்பார்கள்; அதன் பெயர் பேபி நிட்டிங். பேபி பெயரில் தொடங்கிய தொழில், தொழிலாளியின் பேபிக்கு 500 ரூபாய் பங்கு கட்டத் தயங்குகிறது!

பெண் தொழிலாளர்களுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2017 திருத்தமும் தந்த உரிமைகள் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கின்றன. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு. வேலைக்குத் திரும்பிய பின் குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை தினமும் இரண்டு தடவை பாலூட்ட இடைவேளை. 50 பேருக்கு மேல் உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகம். இதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது, கம்பெனியில் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கேட்காதவர்களுக்கு எங்கும் இல்லை என்பதுதான் பதில்.

இன்னொரு சட்டம் 1992இல் வந்தது, 2003இல் கடுமையாக்கப்பட்டது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால் மாவுக்கு விளம்பரம் செய்யக் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் சுவரொட்டி ஒட்டக் கூடாது என்கிறது அது. பிரசவ அறையிலேயே யாராவது டின்னை நீட்டினால் அவர் சட்டத்தை மீறுகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தகப்பன்மார்களுக்கு ஒரு வார்த்தை. பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தகப்பன் மீது கடமை என்றும், குழந்தையைக் காரணமாக்கித் தாயைத் துன்புறுத்தக் கூடாது என்றும் பகரா அத்தியாயம் தெளிவாகச் சொல்கிறது. இரண்டு வருடம் பால் கொடு என்று மனைவிக்கு அதே வசனத்தை ஓதிக் காட்டுகிறோம். நம் மீதுள்ள பாதியை ஏன் விட்டுவிடுகிறோம்? காம்பு வெடித்து ரத்தம் வரும் நிலையில் ஒரு பெண் பால் கொடுக்கிறாள் என்றால், அரை ஷிப்ட் போனாலும் பரவாயில்லை என்று அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது அந்தக் கடமையில் அடங்கும்.

சீட்டில் வந்த கேள்விகள்

தாய்ப்பால் வங்கியிலிருந்து வாங்கலாமா என்று ஒரு சகோதரர் கேட்கிறார். அரசு மருத்துவமனைகளில் இத்தகைய வங்கிகள் உள்ளன. குறைமாதக் குழந்தைகள் பலரை அது காப்பாற்றுகிறது. பால்குடி உறவு ஏற்படுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் பிரசவத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை ஐ.சி.யூ.வில் பசியோடு கிடக்கும்போது விவாதத்தைத் தொடங்காதீர்கள். நாக்கு ஒட்டியுள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் இந்தக் கேள்வியே எழாது. தாயிடம் பால் இருக்கிறது. அதை எடுக்கத்தான் குழந்தைக்கு முடியவில்லை.

கடைசிச் சீட்டு ஒரு தாயுடையது. பிள்ளைக்கு இரண்டரை வயது, இன்னும் பேச்சு வரவில்லை, நாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டினால் பேசுவானா என்று எழுதியிருக்கிறார். சகோதரியே! நாக்கு ஒட்டியிருப்பதால் பேச்சே வராமல் போகாது. சில எழுத்துகளின் உச்சரிப்பு வேண்டுமானால் தடுமாறலாம். பேச்சு வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது காது. நாக்கை வெட்டிவிட்டு இன்னும் ஒரு வருடம் காத்திருந்தால், கேட்காத காதுக்கு வைத்தியம் செய்யும் காலம் கை நழுவும். 2013 முதல் நடந்து வரும் ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தில் அங்கன்வாடிக்கே மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. செவித்திறன் குறைவும் பேச்சுத் தாமதமும் அவர்கள் பார்க்கும் பட்டியலில் உள்ளன. அந்தக் குழு வரும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை காலை அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் பிள்ளையை அழைத்து வாருங்கள். ஆதார் அட்டை, இ.எஸ்.ஐ. எண் இருந்தால் அது, பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு மூன்றையும் கையோடு எடுத்து வாருங்கள். எட்டு மணிக்கு நான் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.